டி டிரைவில் ஒரு குடிசை

ஆறு பத்துக்கு அலாரம் அடித்தது. நிறுத்தினான். பல் தேய்த்தான். பாலை அடுப்பில் வைத்தான். இரண்டு டம்ளர் எடுத்தான்; ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தான். காபி குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குளித்தான். ஏழரைக்குக் கம்ப்யூட்டரைப் போட்டான். திரையின் மூலையில் அந்தப் பெட்டி வந்து நின்றது: 'சி டிரைவில் இடம் குறைவாக உள்ளது.' மூடினான். பதினோரு மாதமாக அதுவும் பல் தேய்ப்பது மாதிரி ஒரு காலை வேலை.

அன்று அது மூடினாலும் போகவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, தெரிந்த வீட்டுக்கு வரும் விருந்தாளி மாதிரி, கதவைத் தட்டாமலே உள்ளே வந்தது.

வாஷிங் மெஷின் வாங்கினால் கூடவே ஒரு தடித்த கையேடு வரும். யாரும் பிரித்துப் பார்க்காமல் மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிடுவார்கள். அதை எழுதுகிறவன் அவன். புது மாடலுக்கு நூற்று முப்பத்திரண்டு பக்கம், எண்பது படம். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக மாற்றி மாலை நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். காலையிலிருந்து மூன்று முறை முயன்றுவிட்டான். மூன்று முறையும் தொண்ணூற்றேழு சதவீதத்தில் நின்று, இடம் போதவில்லை என்று கையை விரித்தது. எங்கே சேமிக்கச் சொன்னாலும், மாற்றும் வேலையை அது சி-யில் வைத்துத்தான் செய்யும். சி-யில் மிச்சம் இருந்தது முந்நூற்று எண்பது எம்பி. அழிக்கக்கூடியதையெல்லாம் எப்போதோ அழித்துவிட்டான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

சட்டியில் இல்லை என்றும் சொல்ல முடியாது. பக்கத்திலேயே டி டிரைவ் இருந்தது. முந்நூற்று அறுபத்தைந்து ஜிபி. அதில் நிரம்பியது நூற்று ஐம்பத்து மூன்று, காலி இருநூற்றுப் பன்னிரண்டு. ஆறு நிறையத் தண்ணீர் போனாலும் நாய் நக்கித்தான் குடிக்க வேண்டும் என்பார்களே, அந்த நாய் அவன்தான்.

டி அவன் மனைவியுடையது. லிஃப்டுக்குள் ஏறினால் ஒரு பெண் குரல் 'கதவு மூடுகிறது' என்று சொல்லும் அல்லவா, அந்தக் குரல் அவள். வீட்டிலேயே மைக் வைத்துப் பதிவு செய்வாள். நான்கு வருடத்துக்கு முன் இந்தக் கம்ப்யூட்டர் வாங்கிய அன்று, அட்டைப்பெட்டியைக்கூட அப்புறப்படுத்தாமல், அதன் மேலேயே உட்கார்ந்து டிஸ்கை இரண்டாகப் பிரித்தாள். அவனுக்கு நூறு. மிச்சமெல்லாம் அவளுக்கு.

"இது அநியாயம்" என்றான்.

"எழுத்துக்கு எதுக்குடா இவ்ளோ இடம்? குரலுக்குத்தான் இடம் வேணும். பாகம் பிரிச்சாச்சு. வரப்பத் தாண்டினா காலை ஒடிப்பேன்."

நில அளவையாளரின் மகள். அப்படித்தான் பேசுவாள்.

பதினோரு மாதத்துக்கு முன் ஒரு காலை வெளியே ஒரு ஸ்டூடியோவில் பதிவு என்று கிளம்பினாள். லாரி. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. அன்றிலிருந்து டி-யை அவன் திறக்கவில்லை, ஒரு கோப்பு எழுதவில்லை, ஒன்றை அழிக்கவில்லை. நிரம்பிய நூற்று ஐம்பத்து மூன்று மட்டும் அவளுடையது அல்ல. காலி இருநூற்றுப் பன்னிரண்டும் அவளுடையதுதான்.

ஒன்பதரைக்கு மேலாளரிடமிருந்து செய்தி வந்தது. 'நாலு மணி. இந்த முறையும் தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்.'

பத்து மணிக்கு மாமியார் வந்தாள்.

புதன்கிழமைதோறும் வருவாள். மருமகன் சாப்பிட்டானா, உயிரோடு இருக்கிறானா என்று பார்த்துவிட்டுப் போக. முப்பத்தொரு வருடம் ஊரார் நிலத்தை அளந்து ஓய்வு பெற்றவள். கைப்பையில் கண்ணாடி, மாத்திரை, முப்பது மீட்டர் டேப் மூன்றும் எப்போதும் இருக்கும். முதல் இரண்டை மறந்தாலும் மூன்றாவதை மறக்கமாட்டாள்.

"என்ன மாப்ள, மூஞ்சி இஞ்சி தின்ன குரங்கு மாதிரி இருக்கு?"

"இடம் இல்ல அத்தை."

கைப்பையைக் கீழே வைத்தாள். ஓய்வு பெற்ற போர்க்குதிரைக்குக் கொம்புச் சத்தம் கேட்ட மாதிரி நிமிர்ந்தாள். "எந்த இடம்?"

சொன்னான். டிஸ்கின் படத்தைத் திரையில் காட்டினான். நீளமான ஒரு பட்டை, அதில் சின்னதாக சி, பெரிதாக டி. மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்தாள்.

"அட, நிலப்படம்! இவ்ளோ நாளா இத வச்சுகிட்டா நீங்க சும்மா தட்டிகிட்டு இருந்தீங்க? மேற்கால உங்க பாகம், கிழக்கால அவ பாகம். அவ பாகத்துல பாதிக்கு மேல தரிசு."

"அது அவளோடது. தொடறதில்ல."

மாமியார் மேஜையில் கிடந்த கட்டம் போட்ட தாளை எடுத்தாள். "தொட வேணாம். அளப்போம். அளந்தா நிலம் குறைஞ்சா போயிடும்? உங்களுக்கு வேலை போனா நான் புதன்கிழமை மட்டும் இல்ல, தினம் வரணும். அது உங்களுக்குச் சம்மதமா?"

சம்மதமில்லை. அளக்க ஒப்புக்கொண்டான்.

ஒரு கட்டத்துக்கு ஐந்து ஜிபி என்று கணக்கு வைத்து மாமியார் படம் வரைந்தாள். பென்சிலால் வரப்பு, சிவப்புப் பேனாவால் எல்லைக்கல். டி-க்குள் என்ன இருக்கிறது என்று கேட்டாள். பதினோரு மாதத்தில் முதல் முறையாக அவன் டி-யைத் திறந்தான். இரண்டே இரண்டு ஃபோல்டர். ஒன்றின் பெயர் 'சரி', எழுபத்தொன்பது ஜிபி. மற்றதன் பெயர் 'தப்பு', ஐம்பத்தெட்டு.

"தப்புன்னா?"

"சொல்லும்போது உளறினது, இருமினது, சிரிச்சது. அழிக்கமாட்டா."

"மொதல்ல நகல் எடுங்க. மூலப் படத்த நகல் எடுக்காம கல்லை அசைக்கக் கூடாது."

வெளியே செருகும் பெரிய டிஸ்க் ஒன்று இருந்தது. அது அவள் பையில் இருந்தது. பை திரும்பி வரவில்லை. வீட்டில் இருந்தது அறுபத்து நாலு ஜிபி பென் டிரைவ் ஒன்றுதான். 'சரி' கொள்ளாது. 'தப்பு' கொள்ளும். 'சரி'யில் பாதியையாவது எடுக்கலாம் என்று அவன் சொன்னான்.

"போங்க மாப்ள. சரியா சொன்னதெல்லாம் ஊர்ல இருக்கிற லிஃப்ட்ல எல்லாம் ஓடிகிட்டு இருக்கு. நான் டாக்டரப் பாக்கப் போனா அவதான் மூணாவது மாடின்னு சொல்றா. தப்பா சொன்னது இங்க மட்டும்தான் இருக்கு. தப்ப எடுங்க."

'தப்பு' நகலாகிக்கொண்டிருந்தபோது மாமியார் கட்டங்களை எண்ணினாள். ஒரு முறை எண்ணினாள். விரல் வைத்து இன்னொரு முறை எண்ணினாள்.

"எழுபத்தொம்பதும் அம்பத்தெட்டும் நூத்தி முப்பத்தேழு. நெறஞ்சிருக்கிறது நூத்தி அம்பத்து மூணுன்னு போட்டிருக்கு. பதினாறு எங்க?"

"அது... ஏதாவது கணக்கு வித்தியாசமா இருக்கும்."

"முப்பத்தொரு வருஷத்துல 'கணக்கு வித்தியாசம்'னு சொன்னவன் எல்லாம் வேலிய நகத்தினவன்தான்."

நகல் முடிந்தது. டி-யைச் சுருக்கினால் எவ்வளவு கிடைக்கும் என்று கம்ப்யூட்டரைக் கேட்டான். இருநூற்றுப் பன்னிரண்டு காலியாக இருக்க, அது ஆறே ஆறு ஜிபி தருகிறேன் என்றது.

மாமியார் பேனாவை மூடிவைத்தாள். "நடுவுல யாரோ குடியிருக்கான். அசைக்க முடியாத மாதிரி உக்காந்திருக்கான். பதினாறு ஜிபி ஆளு. யாருன்னு உங்களுக்குத் தெரியும். உங்க காது செவந்திருக்கு."

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. மெமரி போதாதபோது கம்ப்யூட்டர் தனக்கென்று டிஸ்கில் ஒரு பெரிய கோப்பை எழுதி வைத்துக்கொள்ளும். பேஜ் ஃபைல் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும், இருக்கிற இடத்தை விட்டு நகராது. அது சி-யில்தான் இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் சி நிரம்பியபோது, மனைவி தூங்கிக்கொண்டிருந்த ஒரு பகல் பொழுதில், அவன் அதை ஓசைப்படாமல் டி-க்கு மாற்றிவிட்டான்.

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"ஆக்கிரமிப்பு! என் பொண்ணு நிலத்துல, ராவோட ராவா கூட இல்ல, பட்டப்பகல்ல, குடிசை போட்டிருக்கீங்க! 'அவளோடது, தொடறதில்ல'ன்னு என்ன ஒரு பேச்சு! பூனையும் பால் குடிக்கிறதில்லன்னுதான் சொல்லும்."

"பதினாறு ஜிபிதான் அத்தை."

"குடிசைன்னா அப்படித்தான் ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு கோழிக்கூண்டு. அப்புறம் பட்டா கேப்பான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவளுக்குத் தெரியுமா இது?"

அவன் குடிசையை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தான்.

இப்போது டி சுருங்கச் சம்மதித்தது. எவ்வளவு என்று கேட்டது. நூறு என்று அடித்தான்.

"ஏன் நூறு? நூத்தம்பது எடுங்களேன், தரிசுதானே."

"நூறு போதும்."

பட்டையில் கறுப்பாக நூறு ஜிபி தோன்றியது. அவன் சி-யைப் பிடித்து 'நீட்டு' என்ற கட்டளையை அழுத்தப் போனான். அது வெளுத்துப்போய், அழுத்த முடியாமல் கிடந்தது. நாலு முறை அழுத்தினான். ஐந்தாம் முறை மாமியார் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"படத்தப் பாருங்க மாப்ள. அவ நிலத்துல நீங்க வெட்டினது கிழக்குக் கோடி. உங்க வீடு மேற்கால. நடுவுல அவ முழுசா படுத்திருக்கா. அடுத்த தெருவுல காலி மனை வாங்கிட்டு இந்த வீட்டுல சமையல்கட்டு கட்ட முடியலன்னு அழற ஆளு நீங்க. கையேடு வேற எழுதறீங்க!"

"அப்ப என்ன பண்றது?"

"அவள அலாக்காத் தூக்கிக் கிழக்கால நகத்தணும்."

உண்மைதான். டி-யை அப்படியே நூறு ஜிபி தள்ளி வைத்தால் கறுப்பு இடம் சி-க்குப் பக்கத்தில் வந்துவிடும். அதற்கென்று ஒரு மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. அதை இறக்க சி-யில் இடமில்லாமல், பென் டிரைவில் மிச்சமிருந்த இடத்தில் இறக்கினான். ஓட்டியதும் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை: நகர்த்தும்போது மின்சாரம் போனால் டி-யில் உள்ளது எதுவும் மிஞ்சாமல் போகலாம். ஆகும் நேரம் இரண்டு மணி ஐம்பது நிமிடம். மின்சாரம் போனால் தாங்கிப் பிடிக்கும் பெட்டி ஒன்று மேஜைக்குக் கீழே இருந்தது. அதன் பேட்டரி செத்து நாலு மாதம்.

மணி பதினொன்று ஐம்பது. சுட்டியின் மேல் அவன் விரல் நின்றது. 'சரி' முழுவதும் அதற்குள் இருந்தது. அவள் சரியாகச் சொன்ன எல்லாத் தளங்களும்.

"அழுத்துங்க. கரண்ட்ட நான் பாத்துக்கறேன்" என்றாள் மாமியார், மின்சார வாரியமே தன் மடியில் இருப்பது போல.

அழுத்தினான். மாமியார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மெயின் சுவிட்சுக்குக் கீழே போட்டு, வரும்போது கொண்டுவந்த குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் மிக்சியைத் தொடக்கூடாது, ஃபேனைக் கூட்டக்கூடாது, அழைப்பு மணியை யாரும் அழுத்தக்கூடாது என்று தடை உத்தரவு போட்டாள். ஒன்று ஐந்துக்கு, நாற்பத்து நாலு சதவீதத்தில், யாரோ அழைப்பு மணியை அழுத்தினார்கள்.

மீட்டர் மாற்றுகிறவர். கையில் புது மீட்டர், காதில் பென்சில்.

"அம்மா, பழைய மீட்டர மாத்தணும். பத்து நிமிஷம் கரண்ட் இருக்காது."

அவன் திரையைத் திரும்பிப் பார்த்தான். மாமியார் குடையை ஊன்றி எழுந்தாள்.

"தாராளமா மாத்துங்க தம்பி. காகிதத்தக் காட்டுங்க." வாங்கிப் படித்தாள். "கதவு எண் பதினாலு பை ரெண்டுன்னு போட்டிருக்கு."

"ஆமா. வாசல்லயும் அதான் எழுதியிருக்கு."

"வாசல்ல பெயின்ட்காரன் எழுதுவான். நிலம் அப்படிச் சொல்லணுமே. இந்த மனைய ரெண்டாப் பிரிச்சப்ப சங்கிலி பிடிச்சு அளந்தது நான். உங்க மீட்டர் மாட்டியிருக்கிற சுவர் பதினாலு பை ரெண்டுல நிக்குதா, பை மூணுல நிக்குதான்னு எனக்குப் பல வருஷமா சந்தேகம். தப்பான மனையில புது மீட்டர் மாட்டினா நாளைக்கு யார் கையெழுத்துப் போட்டதுன்னு கேப்பாங்க. உங்க கையெழுத்துதானே?"

மீட்டர்காரர் காதிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்தார். "அதுக்கு என்னம்மா பண்ணச் சொல்றீங்க?"

கைப்பையிலிருந்து முப்பது மீட்டர் டேப் வெளியே வந்தது. "இந்த முனையப் பிடிங்க."

பிடித்தார். அங்கேதான் அவர் தோற்றார். மாமியார் கொடுத்த டேப்பின் முனையை வாங்கிய எவரும் அன்றைய பொழுதைத் திரும்பப் பெற்றதில்லை. மூலைக்கல்லிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை, தொட்டியிலிருந்து கேட் வரை, கேட்டிலிருந்து திரும்ப மூலைக்கல் வரை. டேப் தொய்ந்தால் திட்டு, வளைந்தால் மறுபடியும். "நேராப் பிடிங்க தம்பி, துணி காயப்போடவா பிடிக்கிறீங்க?" மூன்று முறை மேலதிகாரி போனில் அழைத்தார். மூன்று முறையும் மீட்டர்காரர், "அளந்துகிட்டு இருக்கேன் சார்" என்றார், என்ன அளக்கிறோம் என்று அவருக்கே புரியாத குரலில்.

அவன் ஜன்னலோரம் நின்று திரையையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தான். அறுபத்தெட்டு சதவீதம். செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்த மாமியார், டேப்பைப் பிடித்தபடியே மீட்டர்காரரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உள்ள நிக்கிறாரே, அவர்தான் மாப்ள. என் பொண்ணு கடைசியா அவர் கையைப் பிடிச்சுகிட்டு, 'நான் இல்லன்னாலும் எங்கம்மா மனசு கோணாம பாத்துக்கோங்க'ன்னு சொல்லிட்டுத்தான் போனா. வெளிய மழையான மழை."

மீட்டர்காரர் டேப்பை விடாமல் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவனுக்கு இது தெரிந்த கதை. முதல் மாதம் அதில் இருந்தது 'அம்மாவைப் பாத்துக்கோங்க' மட்டும். நாலாம் மாதம் கையைப் பிடித்துக்கொண்டது சேர்ந்தது. மழை இன்றைக்குத்தான் வருகிறது. அன்று நல்ல வெயில். மனைவியோ, அவனை வாழ்நாளில் ஒரு முறைகூட 'ங்க' போட்டுப் பேசியவள் இல்லை. ஆனால் மாமியார் சொல்லும்போதெல்லாம் அவன் தலையாட்டியிருக்கிறான். உண்மையில் சொன்னதை வெளியே சொல்ல முடியாது. துக்கம் கேட்க வந்தவர்கள் சிரித்துவிடுவார்கள்.

இரண்டரைக்கு அளந்து முடிந்தது. மீட்டர் உண்மையிலேயே பக்கத்து மனைக்குள் பதினொரு சென்டிமீட்டர் தள்ளி நின்றது. மாமியாரே ஒரு கணம் திகைத்துவிட்டாள். அடித்துவிட்டது நிஜமாகும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மீட்டர்காரர் தாளில் 'எல்லைத் தகராறு, பிறகு வரவும்' என்று எழுதினார். புது மீட்டரைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு, "அவரப் பாத்துக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாற்பதுக்கு நூறு சதவீதம் ஆயிற்று. கறுப்பு இடம் சி-க்குப் பக்கத்தில் வந்து, கைகட்டி நின்றது. 'நீட்டு' இப்போது வெளுக்காமல் கறுத்திருந்தது. அழுத்தினான். சி இருநூறு ஆனது. பேஜ் ஃபைலைத் தன் சொந்த நிலத்தில் வைத்தான். கையேட்டை ஓட்டினான். தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழில் இருவரும் மூச்சை நிறுத்தினார்கள். தொண்ணூற்றெட்டு. மூன்று இருபதுக்கு அனுப்பினான். மேலாளர் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினார்.

"டி-யில உசிரு இருக்கான்னு பாருங்க" என்றாள் மாமியார்.

'சரி'யைத் திறந்தான். எல்லாத் தளமும் இருந்தன. மாமியார் 'தப்பு'வைக் காட்டினாள். கை போன இடத்தில் ஒன்றை அழுத்தினான்.

'மூன்றாம் தளம். மூன்றாம் தளம். மூன்... அச்! ஐயோ. மூன்... அச்! டேய், ஃபேனை நிறுத்துன்னு சொன்னேனா இல்லையா?'

மாமியார் சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் நிற்காமல் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தது. கட்டம் போட்ட தாளை நாலாக மடித்தாள். திரும்பப் பிரித்தாள்.

"மாப்ள, நான் ஒண்ணு கேப்பேன். மறைக்கக் கூடாது. நான் ஊரெல்லாம் சொல்லிகிட்டு இருக்கேனே, அவ கடைசியா சொன்னதுன்னு. அது நானா கட்டினதுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மழையெல்லாம் வேற வந்துடுச்சு. கல்லு எங்க இருக்குன்னு தெரியாம எத்தன நாளைக்கு நான் வேலி போடறது? கல்லக் காட்டுங்க."

"சிரிப்பு வரும் அத்தை."

"வரட்டும். இப்ப சிரிச்சுகிட்டுதானே இருக்கேன்."

அவன் வாசல் பக்கம் பார்த்தான். அன்றும் அவன் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். இடம் குறைவு என்ற அந்தப் பெட்டி திரையின் மூலையில் வந்து நின்றது. அவள் ஒரு காலில் செருப்பு மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் காலாலேயே சோபாவுக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தாள். தோளில் பை. பத்து ஜிபி கொடேன் என்று, திரும்பிக்கூடப் பார்க்காமல், நூறாவது முறையாகக் கேட்டான். செருப்பு கிடைத்தது. கதவு திறந்தது. அங்கே நின்று அவள் சொன்னாள்:

"டேய், ரெண்டு வருஷமா என் டி-யில நீ குடிசை போட்டிருக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? சாயந்திரம் வந்து நானே நூறு பிரிச்சுத் தரேன். நான் வர்ற வரைக்கும் எதையும் தொட்டுத் தொலைக்காத."